மலைக்கு விலை – 9: காப்பிக் கடனில் முளைத்த தங்க ஊர்

சென்ற வாரம் குற்றாலத்து வாசனைத் தோட்டங்களோடு நிறுத்தியிருந்தோம். 1796-இல் மொலுக்கா தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பிறகு, அங்கே விளைந்த ஜாதிக்காயையும் கிராம்பையும் தன் கைவசம் இருந்த மலைகளிலேயே விளைவித்துவிடலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப் போட்டது. குற்றாலமும் அந்தக் கணக்குக்குள் வந்தது. எதிர்பார்த்த லாபம் வரவில்லை. தோட்டங்கள் தனியார் கைக்கு மாறின. ஆனாலும் மரங்கள் நின்றன. சீசன் நேரத்தில் குற்றாலக் கடைவீதியில் மங்குஸ்தானுக்கு விலை பேசுகிறோமே, அந்தப் பழத்தோட்டப் பழக்கத்தின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. முதலாளி தோற்றாலும் ஊருக்கு ஏதோ ஒன்று மிஞ்சியது.

எல்லா இடத்திலும் அப்படி மிஞ்சவில்லை. பொன்னுக்காக எழும்பி, பொன் தேறாமல் கலைந்துபோன ஊரைத் தென்காசிப் பக்கம் தேடினால் கிடைக்காது. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே வெகுதூரம் போய், நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரைத் தாண்டிக் கேரள எல்லையைத் தொடும் இடத்தில் நிற்க வேண்டும். தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று அடுத்தடுத்து வரும் சின்ன ஊர்கள். இன்று தேயிலையும் மழையும் யானையும்தான் அந்த ஊர்களின் பேச்சு. 1880-இல் லண்டன் பங்குச் சந்தையில் தேவாலா என்ற பெயர் பணம் போட்டவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

அந்த மண்ணின் மழையைத் தென்காசிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நமக்கு வருவது ஆரியங்காவுக் கணவாய் வழியே கசியும் காற்று. மலை தான் குடித்தது போக மிச்சத்தைச் சாரலாக அனுப்புகிறது. அதையே நாம் மாதக்கணக்கில் கொண்டாடுகிறோம். தேவாலா இருப்பது அந்தக் காற்று வந்து மோதும் பக்கம். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை அதிகமாகக் கொட்டும் இடங்களின் பட்டியலில் அதன் பெயர் ஆண்டுதோறும் வரும். ஜூன் தொடங்கினால் மண் ஊறும், பாதை அறும், குழி நிறையும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கதைக்குள் போவோம்.

அங்கே பொன் இருப்பது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. பணியர்களும் குறும்பர்களும் தலைமுறை தலைமுறையாக ஓடை மணலை அகன்ற மரத்தட்டில் அள்ளி, நீரில் சுழற்றி அலசி, அடியில் தங்கும் பொன்துகளை எடுத்துவந்தார்கள். சரிவுகளில் வெள்ளைக்கல் பாறையைத் தொடர்ந்து தோண்டிய பழைய குழிகள் ஏராளமாகக் கிடந்தன. தோண்டியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பணியர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் அலசிய பொன் அவர்களிடம் தங்கியிருக்க வழியில்லை. இந்தப் பகுதியும் அடங்கிய மலபார், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் அதிகாரிகள் இந்தப் பொன்னைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். 1831-இல் நிக்கல்சன் என்ற படை அதிகாரியை அனுப்பி ஆராயவும் செய்தார்கள். அவர் நம்பிக்கையோடு எழுதினார். மேலிடம் கட்டுபடியாகாது என்று கைவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடக்கப்போவதை வைத்துப் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு சரியானது என்று தெரிகிறது.

பிறகு ஏன் 1879-இல் திடீரென்று ஊரே பொன் பொன் என்று எழுந்தது? இதற்குப் பதில் பாறையில் இல்லை, காப்பிச் செடியில் இருக்கிறது. இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஒன்றுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது: மலையில் ஒரு தொழில் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்கு முந்தைய தொழில் வைத்துவிட்டுப் போன கடன்.

அன்று தேவாலா வட்டாரமும் சேர்ந்திருந்த வயநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காடு வெட்டிக் காப்பி போட்டார்கள். 1860-களில் அது உச்சத்தில் இருந்தது. அப்போதே தண்டு துளைப்பான் செடிகளை உள்ளுக்குள் தின்னத் தொடங்கியிருந்தது. அடுத்து வந்தது இலைத்துரு நோய். 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய அந்தப் பூசணம் சில ஆண்டுகளில் வயநாட்டுக்கும் வந்துசேர்ந்தது. இலை உதிர்ந்த செடியில் காய் பிடிக்கவில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நம் திருநெல்வேலிச் சீமை உட்படத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்களின் பிழைப்பைப் புரட்டிப் போட்டதும் இதே நோய்தான். அங்கே காப்பி போய்த் தேயிலை வந்தது. வயநாட்டுத் துரைமாரோ வாங்கிய முன்பணத்தைக் கட்ட முடியாமல், விற்க ஆள் கிடைக்காத தோட்டங்களை வைத்துக்கொண்டு தவித்தார்கள். அந்தத் தோட்டங்களுக்கு அடியில் பொன் ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்!

சொல்லவும் ஆள் வந்தார்கள். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் பழகியவர்கள் சிலர் 1860-களிலேயே தேவாலாப் பக்கம் பாறையைத் தட்டிப் பார்த்திருந்தார்கள். 1874-இல் ஆல்ஃபா தங்கக் கம்பெனி தொடங்கியது. 1875-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் டபிள்யூ. கிங் இந்த வட்டாரத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். 1877-இல் தேவாலா அடங்கிய தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது. 1879-இல் அரசாங்கமே ஒரு நிபுணரை வரவழைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித். அவருடைய அறிக்கை 1880-இல் வெளிவந்தது. அதில் ‘ஓஃபிர்’ என்று ஒரு எஸ்டேட்டின் பெயர் இருக்கிறது. சாலொமோன் ராஜாவுக்குக் கப்பல் கப்பலாகப் பொன் வந்த ஓப்பீரின் பெயரை வைத்திருந்தார்கள் என்றால், ஆசை எந்த மட்டத்தில் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்மித் பார்த்தது பெரும்பாலும் நிலத்தின் மேலே தலைநீட்டிய பாறை. அங்கே ஒரு சிக்கல் உண்டு. காற்றும் மழையும் பட்டுச் சிதைந்த மேற்பாறையில் பொன் தனித்துகளாகப் பிரிந்து நிற்கும். சோதனையில் நன்றாகத் தேறும். கொஞ்சம் ஆழம் போனால் அதே பொன் கந்தகமும் இரும்பும் கலந்த தாதுவுக்குள் சிக்கிக் கிடக்கும். மேல்மட்டத்துக் கல்லை வைத்து முழு மலையையும் மதிப்பிட்டதுதான் முதல் பிழை. அதற்காக எல்லாப் பழியையும் ஸ்மித்தின் தலையில் போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. அவர் எழுதியதை எடுத்துக்கொண்டு லண்டனில் கடை விரித்தவர்கள் வேறு ஆட்கள்.

1879 கடைசியிலிருந்து 1881 முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இந்த ஒரு வட்டாரத்துக்காகத் தொடங்கப்பட்டன. இந்தியன் கிளென்ராக், இந்தியன் ஃபீனிக்ஸ், தேவாலா மோயார் என்று பெயர்கள். அறிவிக்கப்பட்ட முதலீடு நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி மண்வெட்டிக்கும் வெடிமருந்துக்கும் போகவில்லை. பட்டுப்போன காப்பித் தோட்டத்தைச் சுரங்கம் என்று விற்றவர்களுக்கும், கம்பெனியைக் கிளப்பிவிட்ட தரகர்களுக்கும் போனது. நிலத்தின் விலையாகப் பாதி ரொக்கமும் பாதி பங்குமாக வாங்கிக்கொண்டு கைகழுவியவர்கள் உண்டு. முதல் கல்லை நொறுக்குவதற்கு முன்பே, லாபம் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள். காப்பிக் கடன் அடைந்தது. அந்தக் கடனை இங்கிலாந்தில் பங்கு வாங்கியவர்கள் அடைத்தார்கள்.

இங்கே மலையில் ஊர் எழும்பியது. காடாகக் கிடந்த பந்தலூரில் ஹோட்டலும் கடைகளும் தபால் ஆபீசும் வந்தன. குதிரைப் பந்தயத் திடல்கூடப் போட்டார்கள். இயந்திரங்கள் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து, நிலம்பூர் வழியாகக் கார்க்கூர் மலைப்பாதையில் மாடும் மனிதனும் இழுத்து ஏற வேண்டியிருந்தது. டன் கணக்கில் எடையுள்ள வார்ப்பிரும்பை அந்தச் சரிவில் ஏற்றியவர்களின் கூலிக் கணக்கு யாருடைய ஆண்டறிக்கையிலும் தனியாக இல்லை. நிர்வாகிகள் பலருக்குச் சுரங்கம் என்றால் என்ன என்றே தெரியாது. நிபுணர் என்று அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் முன்னாள் ரொட்டிக்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற சர்க்கஸ் கோமாளி என்று 1908-இல் வெளிவந்த நீலகிரி கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரு அரசாங்க ஆவணம் அப்படிச் சொல்ல வேண்டுமானால் நிலைமை எவ்வளவு கெட்டிருக்க வேண்டும்.

பொன் பிரிக்கும் முறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தோல்வியின் பாதிக் காரணம் அதில்தான் இருக்கிறது. வெட்டிய பாறையை ஸ்டாம்ப் மில்லில் போடுவார்கள். இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி ஏறி விழுந்து கல்லை மாவாக்கும். அந்த மாவு தண்ணீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடும். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும், மற்றது ஓடிப்போகும். ஒட்டியதைச் சுரண்டிச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி, பொன் மிஞ்சும். இது தனித்துகளாக நிற்கும் பொன்னுக்குச் சரி. கந்தகத் தாதுவுக்குள் சிக்கிய பொன் தகட்டைத் தொடாமலே ஓடிப்போய்விடும். அதைப் பிரிக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பதிவானதே 1887-இல்தான். அதற்குள் தேவாலாக் கம்பெனிகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன.

மறு பாதிக் காரணம் இன்னும் எளிது. அங்கே பொன் போதவில்லை. ஒரு டன் பாறையை வெட்டி, சுமந்து, நொறுக்கி, அலசி எடுத்தால் ஒரு சவரன் எடைகூடத் தேறவில்லை. அந்த வருமானத்தில் விறகும் கூலியும் துரைமார் சம்பளமும் லண்டன் ஆபீஸ் செலவும் கட்டுபடியாகாது. பின்னாளில், 1901-இல், நிலவியல் துறைக்காக ஹேடன், ஹாட்ச் என்ற இருவர் மறுபடியும் போய் மாதிரி எடுத்துப் பார்த்து, இந்தப் பாறை தொழிலுக்கு உதவாது என்ற முடிவுக்கே வந்தார்கள். புதிய முறைகள் கைக்கு வந்த பிறகும் அதே விடை.

இத்தனைக்கும் மேலே மலேரியா. மழை விட்டதும் ஆளைத் தூக்கிச் சாய்க்கும் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதை நிறுவிய ரொனால்டு ராஸ் 1897-இல் நீலகிரிக்கு வந்து, சீகூர்ப் பள்ளத்தாக்கில் தாமே மலேரியாவில் விழுந்தார். தேவாலா குடியேற்றம் கலைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

1882 முடியும்போதே காற்று இறங்கத் தொடங்கியது. பங்கு விலை விழுந்தது, பங்குக்கு மீதி கேட்ட அழைப்புப் பணத்தைக் கட்ட ஆள் இல்லை, கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. ஹோட்டல் மூடியது. திடலில் புல் முளைத்தது. இயந்திரங்களை இறக்கிக்கொண்டு போகும் செலவுக்குக்கூட அவை பெறாதவை என்பதால் அப்படியே காட்டில் விட்டுப் போனார்கள்.

இதே ஆண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில் இன்னொரு தங்க ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவின் போடி. 1880 வாக்கில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்தார்கள். பிறகு அதுவும் காலியானது. ஆனால் 1962-இல் அந்த மாநில அரசு போடியை வரலாற்றுப் பூங்காவாக அறிவித்து, நிற்கும் வீடுகளை நின்றபடியே காத்துவருகிறது. பள்ளிக்கூடத்தின் பலகைகூட இருந்த இடத்தில் இருக்கிறது. பந்தலூரில் அந்தக் காலத்தைச் சொல்ல ஒரு கல்கூட நாட்டப்படவில்லை.

கோலாரை இங்கே ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். அதுவும் இதே 1880 அலையில், இதே லண்டனில் திரட்டிய பணத்தில் தொடங்கியது. அங்கே தோண்டிய மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியும் கையிருப்பு தீர்ந்து மூடும் நிலைக்கு வந்தது. பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன் பழைய இந்தியத் தோண்டல்களுக்கு அடியில் தேடியபோது சாம்பியன் பாறைப்படலம் கிடைத்தது, ஊர் பிழைத்தது. தேவாலாவுக்கு அப்படி ஒரு பாறை அடியில் இல்லை.

சரி, எல்லாரும் போன பிறகு அந்த மலையில் யார் இருந்தார்கள்? முதலில் பணியரும் குறும்பரும், எப்போதும் போல. துரைமார் காப்பிக்குப் பதில் தேயிலை போட்டார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற கழகமானது. தேவாலா, சேரம்பாடி, கொளப்பள்ளி என்று அவர்கள் குடியமர்ந்தார்கள். ஒரே இலைத்துரு நோய் இலங்கையில் காப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. வயநாட்டில் காப்பியை அழித்துப் பொன் வேட்டையைக் கிளப்பியது. நூறு ஆண்டு கழித்து அந்தத் தேயிலையின் பிள்ளைகள் இந்தப் பொன் மலையில் வந்து லயம் கட்டிக் குடியேறினார்கள். இந்த இரண்டு கோடுகளும் தேவாலாவில் சந்திப்பதைச் சொல்லவே நான் இந்த வாரத்தை இந்த ஊருக்குக் கொடுத்தேன்.

அவர்களுக்காவது அந்த மண் நிலைத்ததா? நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உடைமையாக, ஜன்ம நிலமாக இருந்த கூடலூர்ப் பகுதிக்கு 1969-இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதிலிருந்து தொடங்கிய உரிமை வழக்குகள் இன்றும் முழுதாகத் தீரவில்லை. பட்டா இல்லாமல் வாழும் குடும்பங்கள் ஏராளம். நட்டத்தில் தவித்த டான்டீயின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்தது. நமக்குப் பக்கத்து அம்பாசமுத்திரம் மலையில், சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலையில், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே 2024-இல் தொழிலாளிகளை விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கி இறங்கச் சொன்னதை நாம் கண்ணால் பார்த்தோம். கம்பெனி ஏறும்போது சாலை போடும். இறங்கும்போது அந்தச் சாலையில் மூட்டையோடு நடப்பவர்கள் வேறு ஆட்கள்.

தேவாலாவின் பழைய குழிகளில் பல இன்னும் மூடப்படவில்லை. வேலை கிடைக்காத நாட்களில் உள்ளூர் இளைஞர்கள் கயிறு கட்டி இறங்கிக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள். இடித்துப் பாதரசம் சேர்த்துப் பொன் பிரிக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். அவ்வப்போது வனத்துறையும் போலீசும் பிடிக்கிறார்கள். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் பலர் உள்ளேயே இறந்திருக்கிறார்கள். பாதரசத்தை வெறுங்கையால் பிசைந்து அடுப்பில் வாட்டுகிறவர்களின் நரம்பும் சிறுநீரகமும் கெடுவது தனிக் கணக்கு. அது எந்த வழக்கிலும் ஏறுவதில்லை.

குழி தோண்டியவனைப் பிடிப்பது மட்டும் தீர்வாகாது. 1880-களின் கம்பெனிகள் விட்டுப்போன ஒவ்வொரு குழியையும் அளந்து, வரைபடத்தில் ஏற்றி, மழைக்கு முன்பு மூடுகிற பொறுப்பு அரசுக்கு உண்டு. அந்த வேலையைச் செய்யும் கூலியும் அங்கே பிறந்தவர்களுக்கே போக வேண்டும். காட்டில் கிடக்கும் ஸ்டாம்ப் மில் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போவதற்கு முன்பு பந்தலூரிலேயே ஒரு கூரைக்கு அடியில் சேர்த்து வைக்கவும் வேண்டும். தொல்லியல் துறைக்கும் நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் இது பெரிய செலவு அல்ல.

கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா, பாட்டி யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுடைய வேலைச் சீட்டோ கடிதமோ படமோ பெட்டியில் கிடந்தால், எடுத்து வைத்து எங்களுக்கு எழுதுங்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட அந்த ஊரின் கதை அடுத்த வாரம்.